கட்டி முடித்த தொட்டிக்கு அபராதம்

1. கடிதம்

அபராதக் கடிதம் வந்த அன்று எங்கள் தொட்டி கட்டி முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. சாரம் பிரித்து, பெயின்ட் அடித்து, மிச்சம் கிடந்த ஜல்லியைக்கூட டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். கடிதம் சொன்னது இது: 'மேற்படி பணி இதுநாள்வரை முடிக்கப்படவில்லை. தாமதத்துக்கு வாரம் ஒன்றுக்கு அரை சதவீதம் வீதம் அபராதம் விதிக்கப்படும். பதிவுபெற்ற ஒப்பந்ததாரர் பட்டியலிலிருந்து தங்களை ஏன் நீக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தரவும்.'

ரசாக் பாய் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் மேஜைமேல் வைத்தார். சேலத்தில் அவர் அரசாங்க காண்ட்ராக்டர். நான் அவரிடம் சைட் இன்ஜினியர்.

"மல்லிகாம்மா, தொட்டி அங்க நிக்குதா இல்லையா?"

"நிக்குதுங்க பாய்."

"அப்ப இதுல எழுதியிருக்கறது எந்தத் தொட்டி?"

எனக்குப் பதில் தெரியும்.

நான் ஓமலூர்க்காரி. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு இருபத்திரண்டு வருடம் பாயிடம் வேலை பார்த்தேன். பாலம், பள்ளிக்கூடம், சாக்கடை, நூலகம் என்று சேலம் நாமக்கல் பக்கம் நாங்கள் கட்டியவை நிறைய. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு தொட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இப்போது சைட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கான்கிரீட் கலவை பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 'வேலை முடிந்தது' என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன் என்பதால் கோபத்தோடே எழுதுகிறேன்.

2. நான் தாண்டிப்போன வரி

ஜேடர்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். அதற்கு ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கிற மேல்நிலைத் தொட்டி. கெடு பத்து மாதம். பணம் கட்டம் கட்டமாக வரும். அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, தூண்களுக்கு இவ்வளவு, தொட்டியின் அடித்தளத்துக்கு, பக்கச் சுவருக்கு, மேல் மூடிக்கு இவ்வளவு என்று. கடைசிப் பதினைந்து சதவீதம் மட்டும் தண்ணீர் சோதனை முடிந்த பிறகு. தொட்டியை நிரப்பி ஏழு நாள் வைத்து, தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. அது முடிந்து சான்றிதழ் கொடுத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை தொட்டி வானத்தில் நின்றாலும் தாளில் இல்லை.

டெண்டர் போடும் முன் பாய் என்னைக் கேட்டார். எப்போதும் கேட்பார்.

"இதுல நம்மளக் கடிக்கற மாதிரி கண்டிஷன், கிளாஸ் ஏதாச்சும் இருக்காம்மா?"

"ஒண்ணுமில்லைங்க பாய். எல்லாம் வழக்கமா இருக்கறதுதான்."

நூற்று நாற்பது பக்கத்தையும் நான் படித்திருந்தேன். 'சோதனைக்கு வேண்டிய நீரை ஒப்பந்ததாரரே தன் பொறுப்பில் ஏற்பாடு செய்ய வேண்டும்' என்ற வரியும் கண்ணில் பட்டது. ஆற்றிலிருந்து தொட்டிக்குக் குழாய் போடுகிற வேலை தனி டெண்டர். அது நமக்கு முன்பே முடிந்துவிடும், அந்தத் தண்ணீரிலேயே சோதனை செய்துகொள்ளலாம் என்று நினைத்து அந்த வரியைத் தாண்டிப்போனேன். இந்தக் கதையில் என் பங்குத் தப்பு அது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றவர்கள் தப்பைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

நாங்கள் அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டியபோது அடியில் மண் இளக்கமாக இருந்தது. டெண்டர் விட்ட துறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, டிராயிங்கை மாற்றித் தருகிறோம், அதுவரை கம்பி கட்ட வேண்டாம் என்றார்கள். மாற்றித் தர இரண்டரை மாதம் ஆனது. இரண்டரை மாதமும் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஆட்களைக் கூலி கொடுத்து வைத்திருக்கவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை. கெடுவை நீட்டித்துத் தரச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் உதவிப் பொறியாளர் மேஜையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரை எல்லோரும் ஏ.இ. என்போம். முப்பது வயது இருக்கும், ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், மரியாதையாகப் பேசுவார்.

"வெச்சுட்டுப் போங்க மேடம். நான் மேல அனுப்பிடறேன்."

வைத்துவிட்டு வந்தேன். பெற்றுக்கொண்டதற்கு சீல் கேட்கவில்லை. தெரிந்த மனிதரிடம் சீல் கேட்பது முகத்தில் அடித்த மாதிரி என்று நினைத்தேன். பிள்ளைகளே, அடியுங்கள்.

டிராயிங் தாமதமானாலும் மிச்ச நாளில் ஓடி ஓடிக் கட்டினோம். கெடு தாண்டி மூன்றே வாரத்தில் மேல் மூடி கான்கிரீட் போட்டு முடித்தோம். தொட்டி நின்றது. குழாய் வரவில்லை. நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்ட அனுமதி வரவில்லை என்றார்கள். அந்த டெண்டரையே தாமதமாகத்தான் விட்டார்கள் என்றும் பேச்சு இருந்தது.

3. "எந்த லெட்டர்?"

அபராதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் பாயும் ஏ.இ.க்கு மேலதிகாரியான செயற்பொறியாளரைப் பார்க்கப் போனோம். பாயை நிற்கவைத்தே பேசினார். பாய்க்கு அப்போது அறுபத்தாறு வயது. முட்டி வலி. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"அக்ரிமென்ட்ல தண்ணி யார் பொறுப்புன்னு போட்டிருக்கு?"

"காண்ட்ராக்டர் பொறுப்புதாங்க சார்," என்றேன். "ஆனா குழாய் வேலை உங்க துறையோடது. அது வந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்லைங்க."

"அது வேற காண்ட்ராக்ட். இதுல ஏன் அதைக் கொண்டாறீங்க?"

"டிராயிங் குடுக்க இரண்டரை மாசம் ஆச்சுங்க சார். கெடு நீட்டிப்பு கேட்டு மூணு லெட்டர் குடுத்தோம்."

"எந்த லெட்டர்?"

ஏ.இ. பக்கத்தில்தான் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கோப்பைப் பார்த்தார். கோப்பில் கடிதம் எதுவும் இல்லை. என்னிடம் இருந்த நகல்களில் சீல் இல்லை. செயற்பொறியாளர் அந்த நகலை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, ஈரக் காகிதத்தைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"இதை வீட்ல உக்காந்து இன்னிக்குக்கூட டைப் பண்ணியிருக்கலாமே மேடம்."

பாய் என் கையைத் தொட்டு வெளியே கூட்டி வந்தார். இல்லையென்றால் அன்று நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. படியிறங்கும்போது பாய் சொன்னார், "தண்ணி நம்ம பொறுப்புன்னா நாமளே கொண்டாந்து ஊத்துவோம்மா. அப்புறம் என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

4. சரசு

ஒரு லட்சம் லிட்டர் என்றால் பெரிய டேங்கர் லாரியில் ஒன்பது நடை. ஆற்றோரத் தோட்டத்துக் கிணற்றில் விலைக்குத் தண்ணீர் பேசினோம். லாரியிலிருந்து மேலே ஏற்ற மோட்டாரும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்தோம்.

முதல் லாரி தொட்டியடிக்கு வரவில்லை. ஊருக்குள் திரும்புகிற இடத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் இருபது பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அந்த ஊருக்கு அப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான் தெருக்குழாயில் தண்ணீர். முன்னால் நின்றவள் பெயர் சரசு என்று பிறகு தெரிந்தது. கரும்பாலையில் வெல்லம் பிடிக்கப் போகிறவள். நாற்பது வயது இருக்கும்.

"ஏனுங்க மேடம், குடிக்கத் தண்ணி கேட்டு ஆறு மாசமா நடக்கறோமுங்க. இல்லைன்னே சொன்னாங்க. இப்பத் தொட்டிக்கு ஊத்தறதுக்கு மட்டும் எங்கிருந்துங்க வருது?"

"இது சோதனைக்குங்க. ஏழு நாள் வெச்சு ஒழுகுதான்னு பாக்கோணும்."

"பாத்துப்போட்டு?"

நான் உண்மையைச் சொன்னேன். "தெறந்து விட்டுருவோம்."

சரசு குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி ரோட்டில் வைத்தாள்.

"தெறந்து எங்கீங்க உடுவீங்க? சாக்கடைக்கா?"

பாயிடம் போனில் கேட்டேன். முதல் லாரித் தண்ணீரை ஊருக்கே கொடுத்துவிடச் சொன்னார். சோதனைக்குத் தனியாக ஒன்பது நடை அடித்துக்கொள்வோம், சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரும் அடி வால்வு வழியாக ஊர் ஜனங்களுக்கே என்றார். நான் அதைச் சொன்னதும் சரசு மற்றவர்களோடு பேசிவிட்டு வந்தாள்.

"சரிங்க. ஏழு நாளைக்கு ஒரு பொட்டு தொட மாட்டோம். பசங்க வால்வுல கை வெக்காம நாங்களே பாத்துக்கறோம். எட்டாம் நாள் எங்களுக்கு உட்டுப்போடோணும். பேச்சு மாறக் கூடாதுங்க."

"மாறாதுங்க."

தொட்டி நிரம்பிய அன்று ஏ.இ. வந்தார். ஏணியில் ஏறி, உள்ளே தண்ணீர் மட்டத்தில் சிவப்புக் கோடு போட்டு, சோதனைப் பதிவேட்டில் தொடக்க அளவை எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த வாரம் ஊர்ப் பெண்கள் முறை வைத்துத் தொட்டியடியில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே ஒரு லட்சம் லிட்டர். வீட்டில் அண்டா காலி. ஒருத்தி குழந்தையின் துணியை அலச ஒரு மைல் தள்ளி இருந்த கிணற்றுக்குப் போய்விட்டு அங்கே வந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன். ஒரு பொட்டு தொடவில்லை.

நான்காம் நாள் நான் ஆபீசுக்குப் போய் நோட்டீஸ் கொடுத்தேன். 'ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு இறுதி அளவு எடுக்க வர வேண்டும்.' இந்த முறை ஏ.இ. மேஜைக்குப் போகவில்லை. தபால் வாங்குகிற ஜன்னலில் நின்றேன்.

"குடுத்துட்டுப் போங்க, சீல் எல்லாம் எதுக்குங்க?"

"வேணுங்க."

"சீல் வெக்கறவரு சாப்பிடப் போயிருக்காரு."

"அவர் சாப்பிட்டு வரட்டுங்க."

ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். சீலும் தேதியும் பதிவு எண்ணும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

5. பத்தாம் நாள்

ஏழாம் நாள் பத்து மணிக்கு யாரும் வரவில்லை. போன் செய்தேன். மீட்டிங் என்றார் ஏ.இ. எட்டாம் நாள் போன் எடுக்கவில்லை. நாளொரு நினைவூட்டல் மெயிலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் செயற்பொறியாளரைப் பிடித்தேன். "திங்கக்கிழமை அனுப்பறேன்" என்றார். அன்று புதன்கிழமை.

பத்தாம் நாள் காலை நான் போனபோது தொட்டியடியில் ஊரே நின்றது. சரசு என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"பேச்சு மாற மாட்டேன்னீங்க."

"அதிகாரி வந்து அளக்கோணுமுங்க. அவர் வராம தெறந்தா சோதனையே செல்லாதுன்னுடுவாங்க. திங்கக்கிழமை வரேன்னிருக்காங்க."

"நாங்க ஏழு நாள்னு சொன்னதுக்குப் பத்து நாள் இருந்துட்டோமுங்க. உங்க காயிதத்துக்கு நாங்க இன்னும் எத்தனை நாளுங்க காத்திருக்கோணும்?"

எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் உச்சிக்கு ஏறியது. அவள்மேல் அல்ல. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தாமதத்துக்கு எங்களைத் தண்டிக்கிறார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தவள் நான். அதே வேலையை இவர்களுக்கு நான் செய்துகொண்டிருந்தேன். எனக்கு மேலே இருப்பவன் என்னிடம் 'திங்கக்கிழமை' என்றான். நான் அதை அப்படியே வாங்கிச் சரசுவிடம் கொடுத்தேன்.

பாயைக் கேட்கவில்லை. கேட்டால் பொறுப்பு அவர்மேல் விழும். வார்டு மெம்பரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் வரச்சொன்னேன். அவர்கள் பார்க்க ஏணியில் ஏறி, சிவப்புக் கோட்டிலிருந்து மட்டத்தை அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நாற்பது வரை அனுமதி உண்டு. பத்து நாளில் அது ஒன்றுமே இல்லை. நல்ல தொட்டி. அளப்பதைப் போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். நடந்ததை ஒரு தாளில் எழுதி, பதினோரு பேர் கையெழுத்தும் இரண்டு பேர் கைநாட்டும் வாங்கினேன். எல்லாவற்றையும் ஆபீசுக்கு மெயிலில் அனுப்பிவிட்டு வால்வைத் திறந்தேன்.

பாயிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டார்.

"எல்லாருக்கும் பத்துச்சா?"

"பத்துச்சுங்க பாய். மாட்டுத் தொட்டி வரைக்கும் ரொம்பிடுச்சு."

"சரி. இனி வர்றதைப் பாப்போம்."

அடுத்த வாரம் துறையிலிருந்து கடிதம் வந்தது. 'துறை அலுவலர் முன்னிலையில் அளவு எடுக்கப்படாததால் சோதனை செல்லாது. மீண்டும் செய்யவும்.' அபராதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

6. பதினேழாவது கிளாஸ்

அன்று சாயந்தரம் நூற்று நாற்பது பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த முறை ஒரு வரியையும் தாண்டவில்லை. பதினேழாவது கிளாஸில் இருந்தது: எந்த அளவீட்டுக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தும் அலுவலர் வரவில்லையென்றால், ஒப்பந்ததாரர் எடுத்த அளவு அலுவலர் முன்னிலையில் எடுத்ததாகவே கொள்ளப்படும்.

எழுதியவர்கள் அவர்கள். ஒரு வேளை அவர்களும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

செயற்பொறியாளருக்கும் மேலே இருந்த மேற்பார்வைப் பொறியாளரிடம் முறையிட்டோம். இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். செயற்பொறியாளர் அந்தக் கிளாஸ் மண்ணுக்குள் மூடிப்போகிற வேலைகளுக்குத்தான், தொட்டிக்குப் பொருந்தாது என்றார். மேற்பார்வைப் பொறியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "'எந்த அளவீட்டுக்கும்'னுதான் இருக்கு. நோட்டீஸ் உங்களுக்கு வந்துச்சா, இல்லையா?"

செயற்பொறியாளர் ஏ.இ.யைப் பார்த்தார். ஏ.இ. தரையைப் பார்த்தார். நான் சீல் வைத்த நகலை மேஜையில் வைத்தேன். அதைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

சோதனை செல்லும் என்றார். பட்டியலிலிருந்து நீக்கும் நோட்டீஸும் ரத்தானது. ஆனால் தொட்டி கட்டி முடித்த தேதியை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முடிந்த தேதி என்று எழுதியது நான் அளவெடுத்த பத்தாம் நாளைத்தான். கெடுவிலிருந்து அதுவரைக்கும் அபராதம் பிடித்தார்கள். டிராயிங்குக்காகக் குழி கிடந்த இரண்டரை மாதத்துக்கு ஒரு நாள்கூடத் தள்ளுபடி கிடையாது. கோப்பில் கடிதம் இல்லையே.

கடைசி பில் வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். 'இந்தப் பணி தொடர்பாக எனக்கு வேறு எந்தப் பாக்கியும் கோரிக்கையும் இல்லை.' அதில் கையெழுத்துப் போட்டால்தான் பில் நகரும். நமக்கு வர வேண்டியதை வாங்க, நமக்கு ஒன்றும் வர வேண்டியதில்லை என்று எழுதித் தர வேண்டும். பாய் கையெழுத்துக்குக் கீழே 'எதிர்ப்புடன்' என்று எழுதினார். திருப்பி அனுப்பினார்கள். கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருடம் ஆகும் என்று வக்கீலைக் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு வந்து வேறு தாளில் வெறும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தவர், இனி அரசாங்க டெண்டர் எடுக்கப்போவதில்லை என்றார். எடுக்கவில்லை.

7. போன்

அடுத்த வருடம் ஏ.இ. வேறு மாவட்டத்துக்கு மாறிப்போனார். போகும் முன் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அந்த ஏழாம் நாள் நான் மறந்துட்டேன்னு நினைச்சிருப்பீங்க. மறக்கலைங்க. கிளம்பி வண்டியில உக்காந்துட்டேன். மேல இருந்து போக வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"தொட்டி முடிஞ்சதுன்னு புக்ல ஏறிட்டா, தண்ணி ஏன் வரலைன்னு ஆடிட்ல கேப்பாங்க. குழாய் டெண்டர் லேட்டா விட்டது வெளிய வரும். தொட்டி முடியலைன்னு இருந்தா கேள்வி காண்ட்ராக்டர் பக்கம் போயிடும். உங்க லெட்டர் மூணும்கூட என் டிராயர்லதான் இருந்துச்சு."

நான் கேட்டேன், "இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"எனக்கு இன்னும் இருபத்தாறு வருஷம் சர்வீஸ் இருக்குங்க மேடம்."

அத்தனை நாளும் சோம்பேறித்தனம், அலட்சியம் என்றே நான் நினைத்திருந்தேன். அலட்சியம் இல்லை. கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். ஒரு கிழவரின் முப்பத்தைந்து வருடப் பேரையும் ஓர் ஊரின் தாகத்தையும் எடுத்துத் தங்கள் தாமதத்தின்மேல் போட்டு மூடியிருக்கிறார்கள்.

ஆகவே சொல்கிறேன். 'வேலை முடிந்தது' என்றால் என்ன என்று உங்கள் அக்ரிமென்டில் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அது இன்னொருவன் வேலையை நம்பி நின்றால், அவன் வராவிட்டால் என்ன செய்வது என்று டெண்டர் போடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். தடங்கல் வந்த அன்றைக்கே எழுதுங்கள். எத்தனை நல்லவரானாலும் சீல் இல்லாமல் கடிதம் கொடுக்காதீர்கள். முதலாளி கேட்டால், 'வழக்கமா இருக்கறதுதான்' என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். கடிக்கிறது எல்லாம் வழக்கமாக இருப்பதுதான்.

ஏ.இ. சொன்னதை அடுத்த நாளே பாயிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு குழாய் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது, இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறதாம், சரசு சொன்னாள் என்றேன்.

"நல்லது," என்றார். நான் எழுந்தேன். பாய் பேச்சை முடிக்கவில்லை.

"தண்ணி வருதே, அது போதும்னு நான் சொல்லுவேன்னு நினைச்சுட்டுப் போயிடாதம்மா. போதாது."